சென்னையிலிருந்து டொரொண்டோ: விமான தூரத்தையும் பயண நேரத்தையும் நீங்களே கணக்கிட ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னையிலிருந்து டொரொண்டோவுக்கு எவ்வளவு தூரம் என்று தேடினால், எல்லாத் தளங்களிலும் கிட்டத்தட்ட ஒரே எண்தான் வரும்: 13,400 கி.மீ.க்குப் பக்கம். எவ்வளவு நேரம் என்று தேடினால்தான் குழப்பம். ஒரு தளம் பதினைந்தரை மணி நேரம் என்கிறது, டிக்கெட் விற்கும் தளம் 22 மணி நேரம் என்கிறது, அதே தளத்தில் கொஞ்சம் கீழே போனால் 31 மணி நேரப் பயணமும் இருக்கிறது. மூன்றுக்கும் அதனதன் கணக்கு உண்டு. ஆனால் ஊரிலிருந்து அம்மா அப்பாவை முதல்முறை அனுப்பி வைப்பவருக்கு அந்த மூன்றில் எது தனக்கானது என்று தெரிய வேண்டும்.

தூரம் பூமியின் வடிவத்தால் முடிவாகிறது, அது மாறாது. நேரம் காற்றாலும், மூடிக்கிடக்கும் வான்வெளிகளாலும், எல்லாவற்றுக்கும் மேலாக நீங்கள் தேர்ந்தெடுக்கும் இடை ஊராலும் முடிவாகிறது. ஆகவே தூரத்தை ஒருமுறை கணக்கிட்டால் போதும். நேரத்தை ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் தனியாகக் கணக்கிட வேண்டும். இரண்டையும் படிப்படியாகப் பார்க்கலாம். சென்னை – டொரொண்டோவை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். கனடாவில் நம்மவர்கள் இவ்வளவு பேர் இருப்பதால் பலருக்கும் நேரடியாகப் பயன்படும். அதோடு, இந்தத் தடத்தில் கற்றுக்கொள்ள வேண்டிய எல்லாச் சிக்கல்களும் ஒன்றாக இருக்கின்றன.

படி 1: ஊரை அல்ல, விமான நிலையத்தைப் பிடியுங்கள்

பெரிய நகரங்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விமான நிலையங்கள் உண்டு. டொரொண்டோவின் முக்கியமான பன்னாட்டு நிலையம் பியர்சன். அது இருப்பது பக்கத்து நகரமான மிசிசாகாவில். அதன் குறியீடு ஒய்ஒய்இசட். சென்னையின் குறியீடு எம்ஏஏ. மெட்ராஸ் என்ற பழைய பெயரிலிருந்து வந்தது. டிக்கெட் தேடும்போது இந்த மூன்றெழுத்துக் குறியீட்டைப் போட்டால் வேறு நிலையத்துக்குப் போகும் குழப்பம் இருக்காது.

கணக்குக்கு வேண்டியது அட்சரேகையும் தீர்க்கரேகையும். கூகுள் மேப்ஸில் நிலையத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டும் வந்துவிடும். ஒரு தசம இடம் போதும்.

சென்னை: வடக்கு 13.0 பாகை, கிழக்கு 80.2 பாகை.
டொரொண்டோ பியர்சன்: வடக்கு 43.7 பாகை, மேற்கு 79.6 பாகை.

இந்தத் தீர்க்கரேகைகளைக் கவனியுங்கள். ஒன்று கிழக்கே 80, மற்றொன்று மேற்கே 80. கூட்டினால் 159.8 பாகை. 180 ஆக இருந்திருந்தால் இரண்டு ஊரும் பூமியின் நேர் எதிரெதிர்ப் பக்கங்களில் இருந்திருக்கும், மிகக் குறுகிய வழி வட துருவத்தின் மேலேயே போயிருக்கும். அந்த அளவுக்கு இல்லை என்றாலும், இந்தப் பாதை ஏன் வடக்கே அவ்வளவு ஏறிப் போகிறது என்பதற்கான காரணம் இந்த 159.8-ல்தான் இருக்கிறது.

படி 2: பெருவட்டத் தூரத்தைக் கணக்கிடுங்கள்

சுவரில் தொங்கும் உலக வரைபடத்தில் அளவுகோலை வைத்துச் சென்னையையும் டொரொண்டோவையும் இணைத்தால், கோடு அரபிக்கடல், சவூதி அரேபியா, எகிப்தின் தென்பகுதி, சஹாரா வழியாகப் போய் அட்லாண்டிக்கைக் கடக்கும். அந்தக் கோட்டிலேயே பறந்தால் சுமார் 15,700 கி.மீ. ஆகும். உருண்டையான பூமியில் அது குறுகிய வழி அல்ல. உலக உருண்டை ஒன்றில் இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் தானாக வடக்கே ஏறிப் போய் இறங்கும். அதுதான் பெருவட்டப் பாதை.

அதற்கான சூத்திரம் இது:

கோசைன் (மையக் கோணம்) = சைன் (அட்சம் 1) × சைன் (அட்சம் 2) + கோசைன் (அட்சம் 1) × கோசைன் (அட்சம் 2) × கோசைன் (தீர்க்கரேகை வித்தியாசம்)

செல்பேசியில் உள்ள சயின்டிஃபிக் கால்குலேட்டரே போதும். அது பாகையில் இருக்கிறதா, ரேடியனில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாகையில் இருக்க வேண்டும். எக்செல்லில் போடுபவர்கள் ஒவ்வொரு பாகையையும் ரேடியனுக்கு மாற்றிவிட்டே போட வேண்டும். எக்செல் ரேடியனை மட்டுமே எடுத்துக்கொள்ளும்.

முதல் பகுதி: சைன் 13.0 = 0.2250, சைன் 43.7 = 0.6909. பெருக்கினால் 0.1554.

இரண்டாம் பகுதி: கோசைன் 13.0 = 0.9744, கோசைன் 43.7 = 0.7230, கோசைன் 159.8 = −0.9385. மூன்றையும் பெருக்கினால் −0.6611.

இரண்டையும் கூட்டினால் −0.5057. இதன் தலைகீழ் கோசைனை எடுத்தால் 120.38 பாகை. பூமியின் மையத்திலிருந்து பார்த்தால் இரண்டு ஊர்களுக்கும் இடையே இருக்கும் கோணம் அது.

ஒரு பாகைக்குத் தரையில் 111.195 கி.மீ. (பூமியின் சராசரி ஆரம் 6,371 கி.மீ. என்று கொண்டால்.) ஆக 120.38 × 111.195 = 13,386 கி.மீ. விமானிகள் பயன்படுத்தும் கடல் மைலில் வேண்டுமென்றால் இன்னும் சுலபம்: பாகையை 60-ஆல் பெருக்குங்கள். 7,223 கடல் மைல். ஒரு பாகையில் 60 கலைகள் (கோண நிமிடங்கள்), ஒரு கலைக்கு ஒரு கடல் மைல் என்பதுதான் அந்த அளவை உருவான விதம்.

பூமி சரியான உருண்டை இல்லை, துருவங்களில் கொஞ்சம் தட்டை. அதனால் இந்த விடையில் அரை சதவீதம் வரை வித்தியாசம் வரலாம். பயணத் திட்டத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

தீர்க்கரேகை வித்தியாசத்தில் மட்டும் கவனம் தேவை. ஒரு ஊர் கிழக்கிலும் மற்றது மேற்கிலும் இருந்தால் கூட்ட வேண்டும். இரண்டும் ஒரே பக்கம் என்றால் கழிக்க வேண்டும். கொழும்பு கட்டுநாயக்காவிலிருந்து போகிறவர்கள் அட்சம் 7.2, தீர்க்கம் 79.9 என்று போட்டுப் பாருங்கள், 14,000 கி.மீ.யை ஒட்டி வரும்.

படி 3: அந்தக் கோடு எந்த நாடுகளின் மேல் போகிறது என்று பாருங்கள்

பெரும்பாலானவர்கள் தூரம் கிடைத்ததும் நிறுத்திவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் விஷயமே இங்கேதான் தொடங்குகிறது.

சென்னையில் கிளம்பும் பெருவட்டப் பாதை வடக்கிலிருந்து சுமார் 17 பாகை மேற்கே சாய்ந்து போகிறது. ராஜஸ்தானைத் தாண்டி, பாகிஸ்தானில் இஸ்லாமாபாத்துக்கு மிக அருகே போகும். அப்புறம் மத்திய ஆசியா, கஜகஸ்தான், ரஷ்யாவின் தெற்கு யூரல் பகுதி, அர்ஹாங்கெல்ஸ்க் வட்டாரம். நார்வேயின் வடகோடியைத் தொட்டுக்கொண்டு கடலுக்குள் இறங்கி, கிரீன்லாந்துக்குக் கிழக்கே 73.6 பாகை வடக்கு என்ற உச்சத்தை எட்டும். அங்கிருந்து கிரீன்லாந்தின் பனிப்பாளத்தைக் குறுக்கே கடந்து, வடக்குக் கியூபெக் வழியாக டொரொண்டோவுக்கு இறங்கும். ஆர்க்டிக் வட்டம் 66.5 பாகையில் இருக்கிறது. சென்னைக்காரர் கனடாவுக்குப் போகும் மிகக் குறுகிய வழி ஆர்க்டிக் வழியாகத்தான்.

இந்த வழியில் யார் பறக்க முடியும்? 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் கனடாவும் ஐரோப்பிய நாடுகளும் ரஷ்ய விமானங்களுக்குத் தங்கள் வான்வெளியை மூடின. பதிலுக்கு ரஷ்யா, பிப்ரவரி 28 அன்று, கனடா உட்பட 36 நாடுகளின் விமானங்களுக்குத் தன் வான்வெளியை மூடியது. ஆகவே கனடிய நிறுவனம் ஒன்றுக்கு ரஷ்யப் பகுதி கிடையாது. இந்திய நிறுவனங்களுக்கு ரஷ்யா திறந்தே இருந்தது. ஆனால் பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு 2025 ஏப்ரல் 24 அன்று பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. இந்தியாவும் அதே மாதம் பதிலுக்கு மூடியது. மாதாமாதம் நீட்டிப்பு அறிவித்துக்கொண்டே போனார்கள். அதன்பின் டெல்லியிலிருந்து மேற்கே போகும் இந்திய விமானங்கள் குஜராத், அரபிக்கடல் பக்கமாகச் சுற்ற வேண்டியதாயிற்று. அந்த நாட்களில் வட அமெரிக்கா – டெல்லி விமானங்கள் சில ஐரோப்பாவில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு வந்தன.

ஐரோப்பா வழியாகப் போனாலும் இதிலிருந்து தப்ப முடியாது. சென்னை – ஃபிராங்க்ஃபர்ட் பெருவட்டப் பாதை கிரிமியா, ஒடேசா மேலாகப் போகிறது. உக்ரைன் வான்வெளி 2022 பிப்ரவரி 24 முதல் பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டது. அதனால் விமானங்கள் தெற்கே ஒதுங்கிப் போகின்றன. வளைகுடாவும் விதிவிலக்கல்ல: 2025 ஜூன் 23 அன்று கத்தார் திடீரென்று தன் வான்வெளியை மூடியபோது, தோஹா வழியாகப் போக இருந்தவர்கள் பல ஊர்களில் மாட்டிக்கொண்டார்கள்.

எனவே டிக்கெட் எடுப்பதற்கு முந்தைய வாரம் அந்தத் தடத்தில் விமானங்கள் உண்மையில் எப்படிப் போகின்றன என்று ஒருமுறை பாருங்கள். ஃபிளைட்ரேடார்24, ஃபிளைட்அவேர் போன்ற தளங்களில் விமான எண்ணைப் போட்டால் போன பாதை கோடாகத் தெரியும்.

படி 4: நேரடி விமானம் உண்டா?

சென்னை – டொரொண்டோவுக்கு இல்லை. 13,386 கி.மீ. என்பது பறக்கவே முடியாத தூரமும் இல்லை. சிங்கப்பூர் – நியூயார்க் ஜான் எஃப் கென்னடி விமானம் சுமார் 15,350 கி.மீ. தூரத்தை நிற்காமல் கடக்கிறது. அதற்கென்றே உருவாக்கிய ஏர்பஸ் ஏ350-900 யூஎல்ஆர் என்ற வகையில் 161 இருக்கைகள் மட்டுமே, சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. எரிபொருளின் எடைக்காகப் பயணிகளைக் குறைத்திருக்கிறார்கள்.

போயிங் 777-300 ஈஆரின் அறிவிக்கப்பட்ட பறப்பு எல்லை 13,650 கி.மீ., 787-9-க்கு 14,010. தாளில் பார்த்தால் சென்னை – டொரொண்டோ இரண்டுக்கும் எட்டும். ஆனால் அந்த எண்கள் காற்றில்லாத வானத்துக்கும் நேர்வழிக்கும் சொல்லப்பட்டவை, சரக்கின் எடையும் அதில் சேராது. எதிர்க்காற்றும், சுற்றுவழியும், அவசரத்துக்கு வைத்திருக்க வேண்டிய எரிபொருளும் சேர்ந்தால் கட்டுப்படியாகாது. ஆகவே எங்காவது இறங்கி ஏறத்தான் வேண்டும்.

படி 5: இடை ஊரைத் தூரத்தால் ஒப்பிடுங்கள்

அதே சூத்திரத்தை ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாகப் போட்டுக் கூட்டினால் இப்படி வருகிறது (கி.மீ.யில், ஐந்துக்கு முழுமையாக்கியது):

டெல்லி வழி: 1,760 + 11,635 = 13,395
ஃபிராங்க்ஃபர்ட் வழி: 7,595 + 6,340 = 13,935
லண்டன் வழி: 8,235 + 5,705 = 13,940
துபாய் வழி: 2,935 + 11,080 = 14,015
தோஹா வழி: 3,290 + 10,875 = 14,165
ஹாங்காங் வழி: 3,710 + 12,545 = 16,255

டெல்லியைப் பாருங்கள். நேர்வழியைவிடப் பத்து கி.மீ. போலத்தான் அதிகம். டெல்லி கிட்டத்தட்ட அந்தக் கோட்டின் மேலேயே இருக்கிறது. துபாயும் தோஹாவும் வரைபடத்தில் எங்கோ சுற்றிப் போவதுபோல் தெரிந்தாலும் 600, 800 கி.மீ.தான் கூடுதல், பறக்கும் நேரத்தில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. ஹாங்காங் மட்டுமே உண்மையான சுற்று. கட்டணம் மிகக் குறைவாக இருந்தால் தவிர அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முதல் ஐந்து வழிகளுக்கும் தூர வித்தியாசம் 6 சதவீதத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே எந்த ஊர் "கிட்டே" என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு மணி நேரக் காத்திருப்பா, ஒன்பது மணி நேரக் காத்திருப்பா என்பதுதான் உங்கள் பயணத்தை நீட்டும் அல்லது சுருக்கும்.

படி 6: தூரத்தைப் பறக்கும் நேரமாக மாற்றுங்கள்

நீண்ட தூர விமானங்கள் ஒலியின் வேகத்தில் 0.84, 0.85 பங்கு வேகத்தில் போகும். பத்து, பதினொரு கி.மீ. உயரத்தின் குளிரில் அது மணிக்கு சுமார் 900 கி.மீ. இது காற்றுக்குள் விமானத்தின் வேகம். தரையை வைத்துப் பார்த்தால், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதைப் பொறுத்துக் கூடும், குறையும்.

வட அரைக்கோளத்தின் நடு அட்சரேகைகளில், விமானங்கள் பறக்கும் அதே உயரத்தில், ஜெட் ஸ்ட்ரீம் எனப்படும் வேகமான காற்று மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. குளிர்காலத்தில் இன்னும் பலமாக இருக்கும். 2020 பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு வந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 ஒன்று, புயலோடு சேர்ந்து வந்த காற்றின் தயவில், 4 மணி 56 நிமிடங்களில் தரையிறங்கியது. வழக்கமாக ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும் பயணம். அதே காற்று அன்று எதிர்த்திசையில் போனவர்களைப் பிடித்துத் தள்ளியிருக்கும்.

கனடாவுக்குப் போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது பின்காற்று. இதை மனத்தில் வைத்துக்கொண்டு வீட்டிலேயே போட ஒரு எளிய முறை:

பெருவட்டத் தூரத்தோடு 5 சதவீதம் கூட்டுங்கள். விமானப் பாதைகள் சரியான நேர்கோடாக இருப்பதில்லை. மேற்கே போவதற்கு 850-ஆல் வகுங்கள், கிழக்கே வருவதற்கு 950-ஆல். அட்லாண்டிக்கை மேற்கு நோக்கிக் கடக்கும் பகுதிக்கு 800 வைத்துக்கொள்வது நல்லது. வந்த விடையோடு அரை மணி நேரம் சேருங்கள். ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது, கேட் வரை வருவது எல்லாம் அதில் அடங்கும். டிக்கெட்டில் போட்டிருப்பதும் கேட்டிலிருந்து கேட் வரையான நேரம்தான், வானத்தில் இருக்கும் நேரம் மட்டும் அல்ல.

துபாய் – டொரொண்டோவுக்குப் போட்டுப் பார்ப்போம். 11,080-ஓடு 5 சதவீதம் சேர்த்தால் 11,634. அதை 850-ஆல் வகுத்தால் 13 மணி 41 நிமிடம். அரை மணி நேரம் சேர்த்தால் 14 மணி 10 நிமிடம். திரும்பும்போது 950-ஆல் வகுத்தால் 12 மணி 45 நிமிடம். ஒரே தூரம்தான், ஆனால் திசை மாறியதும் ஒன்றரை மணி நேரம் குறைகிறது. அட்டவணைகளில் நீங்கள் பார்ப்பதும் இதை ஒட்டித்தான் இருக்கும்.

சென்னை – துபாய் இதே கணக்கில் 4 மணி 10 நிமிடம் வருகிறது. சென்னை – லண்டன் 10 மணி 40 நிமிடம், லண்டன் – டொரொண்டோ 8 மணி நேரம். மூடிய வான்வெளியைச் சுற்ற வேண்டிய பகுதி என்றால் 5 சதவீதத்துக்குப் பதில் 8 சதவீதம் வையுங்கள்; சென்னை – ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு அப்படிப் போட்டால் 10 மணி 10 நிமிடம் வரும். இந்திய நிறுவனத்தின் டெல்லி – டொரொண்டோவுக்கு மட்டும் இந்த முறை பிடி கொடுக்காது, சுற்று மிகப் பெரியது. அதற்கு அன்றைய அட்டவணையையே நம்புங்கள்.

படி 7: காத்திருக்கும் நேரத்தைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள்

துபாய் வழி: 4 மணி 10 நிமிடம், 14 மணி 10 நிமிடம். இடையில் 3 மணி நேரம் என்றால் மொத்தம் 21 மணி 20 நிமிடம். இடையில் 9 மணி நேரம் என்றால் 27-க்கு மேல். தொடக்கத்தில் சொன்ன 22-க்கும் 31-க்கும் நடுவே இருக்கும் வித்தியாசம் பெரும்பாலும் இதுதான்.

மிகக் குறைந்த இணைப்பு நேரம் என்று ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒன்று உண்டு; நிறுவனங்கள் அதற்குக் குறைவாக டிக்கெட் விற்காது. ஆனால் விற்கிறார்கள் என்பதற்காக ஒரு மணி கால் நேர இணைப்பை எடுக்காதீர்கள். லண்டனில் முனையம் மாற வேண்டி வரலாம், எல்லா இடத்திலும் பாதுகாப்புச் சோதனை மறுபடி உண்டு. இரண்டரை முதல் நான்கு மணி நேரம் நல்ல அளவு. வயதானவர்கள் தனியாகப் போகிறார்கள் என்றால் மூன்றுக்குக் குறையாமல் பாருங்கள், டிக்கெட்டிலேயே வீல்சேர் உதவி கேட்டுவிடுங்கள். அது நடக்க முடியாதவர்களுக்கு மட்டும் என்று பலர் தயங்குகிறார்கள். மூட்டுவலியோடு நீண்ட நடைபாதைகளில் அவசரமாக நடப்பது பெரியவர்களுக்குக் கடினம், வாய்விட்டுக் கேட்பதே சரி.

இரண்டு பகுதியும் ஒரே டிக்கெட்டில், ஒரே பதிவு எண்ணில் இருக்க வேண்டும். முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு அப்போதுதான் நிறுவனத்துடையது. கட்டணம் குறைகிறதே என்று தனித்தனியாக எடுத்தால், இணைப்பைத் தவறவிட்டவர் புது டிக்கெட் வாங்க வேண்டியிருக்கும், பெட்டியையும் எடுத்து மறுபடி போட வேண்டும்.

டெல்லி வழியில் ஒரு தனி விஷயம். சென்னை – டெல்லி உள்நாட்டு விமானமாக இருந்தால், குடியேற்றச் சோதனை டெல்லியில்தான் நடக்கும். அதற்கும் சேர்த்து நேரம் வையுங்கள். டிசம்பர், ஜனவரியில் டெல்லிக்கு மூடுபனி. அதே மாதங்களில் டொரொண்டோவில் பனி; கிளம்பும் முன் இறக்கைகளில் படிந்த பனியை மருந்து தெளித்து நீக்குவார்கள், அதற்கும் நேரம் பிடிக்கும். குளிர்காலத்தில் போவதாக இருந்தால் இணைப்பு நேரத்தில் ஒரு மணி கூடுதலாக வைத்துவிடுங்கள்.

ஐரோப்பா வழி எடுப்பவர்கள், தங்கள் பாஸ்போர்ட்டுக்கும் கையிலிருக்கும் கனடா விசாவுக்கும் டிரான்சிட் விசா தேவையா என்று அந்த நாட்டின் அரசுத் தளத்தில் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள். இந்த விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன.

படி 8: கடிகாரத்தைக் கழித்துப் பாருங்கள்

டிக்கெட்டில் போட்டிருக்கும் புறப்படும் நேரமும் சேரும் நேரமும் அந்தந்த ஊரின் உள்ளூர் நேரம். இரண்டையும் அப்படியே கழித்தால் தப்பான விடைதான் வரும்.

இந்தியாவும் இலங்கையும் உலகப் பொது நேரத்துக்கு 5 மணி 30 நிமிடம் முன்னே. டொரொண்டோ குளிர்காலத்தில் 5 மணி நேரம் பின்னே, கோடையில் 4 மணி நேரம் பின்னே. ஆக வித்தியாசம் குளிர்காலத்தில் பத்தரை மணி நேரம், கோடையில் ஒன்பதரை. மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை முன்னே தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பின்னே தள்ளுவார்கள்.

போகும்போது: சேரும் நேரத்திலிருந்து புறப்படும் நேரத்தைக் கழித்து, வித்தியாசத்தைக் கூட்டுங்கள். ஜனவரி 10 அதிகாலை 3:30-க்குச் சென்னையில் ஏறி, அதே நாள் மாலை 4:00-க்கு டொரொண்டோவில் இறங்குவதாக ஒரு டிக்கெட் என்று வைத்துக்கொள்வோம். கடிகாரத்தில் 12 மணி 30 நிமிடம். பத்தரையைக் கூட்டினால் 23 மணி நேரம். இதே நேரங்கள் ஜூலையில் என்றால் ஒன்பதரையைக் கூட்டி 22 மணி நேரம்.

திரும்பும்போது கழியுங்கள். ஜனவரி 10 இரவு 10:00-க்கு டொரொண்டோவில் ஏறி ஜனவரி 12 காலை 8:00-க்குச் சென்னையில் இறங்கினால், கடிகாரத்தில் 34 மணி நேரம். பத்தரையைக் கழித்தால் 23 மணி 30 நிமிடம். டிக்கெட்டில் சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் +1, +2 என்று சின்னதாகப் போட்டிருப்பது எத்தனை நாள் தள்ளிச் சேருகிறீர்கள் என்பதற்காக. அழைத்து வர வருபவர்களுக்கு அந்தத் தேதியைச் சொல்லுங்கள்.

ஐரோப்பா வழியில் இன்னொரு சிக்கல்: அவர்கள் கடிகாரம் மாற்றும் நாள் வேறு. 2026-ல் கனடா மார்ச் 8-ல் மாற்றுகிறது, ஐரோப்பா மார்ச் 29-ல். இடைப்பட்ட மூன்று வாரங்களுக்கு லண்டன் – டொரொண்டோ வித்தியாசம் ஐந்துக்குப் பதில் நான்கு மணி நேரம். அக்டோபர் 25-க்கும் நவம்பர் 1-க்கும் நடுவேயும் இதே கதை.

நள்ளிரவு விமானங்களைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். சென்னையிலிருந்து கிளம்பும் பன்னாட்டு விமானங்களில் பல நள்ளிரவுக்குப் பின் புறப்படுபவை. டிக்கெட்டில் 10-ம் தேதி 00:45 என்று இருந்தால், நீங்கள் 9-ம் தேதி இரவு ஒன்பதரைக்கே நிலையத்தில் இருக்க வேண்டும். 10-ம் தேதி இரவு போய் நின்றால் விமானம் அன்று அதிகாலையிலேயே போயிருக்கும். பெரியவர்களுக்குச் சொல்லும்போது "ஒன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிட்டுக் கிளம்பணும்" என்று கிழமையோடு சொல்லிவிடுங்கள்.

படி 9: வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை

விமான நிறுவனம் சொல்லும் 22 மணி நேரத்துக்கு முன்னும் பின்னும் உங்கள் நேரம் இருக்கிறது. நிலையத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாகப் போக வேண்டும். தாம்பரத்திலிருந்து போகிறவருக்கு அரை மணி நேரம், வேலூரிலிருந்து காரில் வருகிறவருக்கு மூன்று மணி நேரமாவது. பியர்சனில் இறங்கியதும் குடியேற்றச் சோதனைக்கும் பெட்டிக்கும் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து டொரொண்டோ யூனியன் நிலையத்துக்கு யூபி எக்ஸ்பிரஸ் ரயிலில் 25 நிமிடம். நம்மவர்கள் அதிகம் வாழும் ஸ்கார்பரோவுக்கு 401 நெடுஞ்சாலையில் காரில் போக வேண்டும். மாலை நெரிசலில் ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். கூட்டிப் பார்த்தால் சென்னை வீட்டிலிருந்து ஸ்கார்பரோ வீட்டுக்கு 28, 29 மணி நேரம். மருந்து, மாற்றுடை, சாப்பாடு எல்லாவற்றையும் கைப்பையில் வைக்கும்போது இந்த எண்ணை நினைத்து வையுங்கள், டிக்கெட்டில் உள்ளதை அல்ல. சர்க்கரை நோய் மருந்தோ இன்சுலினோ எடுப்பவர்கள், இந்த நீண்ட "ஒரு நாளில்" எப்போது எதை எடுப்பது என்று மருத்துவரிடம் முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது மிக அவசியம்.

படி 10: கடைசியாக, உண்மையான விமானங்களோடு ஒப்பிடுங்கள்

நீங்கள் போட்ட கணக்கு சரிதானா என்று பார்க்க, கிரேட் சர்க்கிள் மேப்பர் என்ற தளத்தில் இரண்டு குறியீடுகளைப் போட்டுத் தூரத்தைச் சரிபாருங்கள். பாதையும் வரைபடத்தில் வளைந்து தெரியும். பிறகு உங்கள் டிக்கெட்டில் உள்ள விமான எண்ணை ஃபிளைட்ரேடார்24-ல் போட்டு, கடந்த ஏழு நாட்களில் அது எப்போது கிளம்பியது, எப்போது இறங்கியது என்று பாருங்கள். சராசரியைப் பார்க்காதீர்கள். முதல் பகுதி அந்த வாரத்தில் எவ்வளவு அதிகமாகத் தாமதமானது என்று பாருங்கள். அந்தத் தாமதத்தை உங்கள் இணைப்பு நேரத்திலிருந்து கழித்த பிறகும் ஒன்றரை மணி நேரம் மிஞ்சினால் அந்த டிக்கெட்டை நம்பி எடுக்கலாம். மிஞ்சவில்லை என்றால், அதே நிறுவனத்தில் அடுத்த இணைப்பைத் தேடுங்கள்.